30 விநாடி ஸ்பாட்டில் 12 அறிவுரை வேண்டாம்

நோய் பரவ ஆரம்பித்ததும் சுகாதாரத் துறையிலிருந்து உள்ளூர் எஃப்.எம். நிலையத்துக்கு ஒரு முழுப் பக்கச் செய்திக்குறிப்பு வரும். அதில் 12 அறிவுரை இருக்கும். அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் 30 விநாடியில் வாசித்து முடிப்பார். எத்தனை தடவை ஒலிபரப்பானது என்பது பதிவேட்டில் ஏறிவிடும். கேட்டவர் என்ன செய்தார் என்பது மட்டும் எங்கும் ஏறாது. அந்தக் குறிப்பை அப்படியே வாசிப்பதைவிட ஒரு பாட்டுப் போட்டுவிட்டுப் போகலாம் என்பேன்.

வானொலி கேட்பவர் பாத்திரம் துலக்கிக்கொண்டோ வண்டி ஓட்டிக்கொண்டோ கேட்கிறார். விட்டுப்போனதைத் திருப்பிப் பார்க்க அவரிடம் காகிதம் இல்லை. அதனால் ஒரு ஸ்பாட்டுக்கு, அதாவது ஒரு குறும் வானொலி அறிவிப்புக்கு, ஒரே ஒரு செயல். 30 விநாடிக்கு 50 சொல்லைத் தாண்டினால் அறிவிப்பாளர் ஓட ஆரம்பித்துவிடுவார்.

"சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைத்திருங்கள்" என்பது செயலே அல்ல. டெங்கு என்றால், "தண்ணீர் பிடித்துவைக்கும் பாத்திரங்களை வாரம் ஒரு நாள் காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, மூடிவையுங்கள்" என்பதுதான் செயல். காரணத்தையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும், அதனால்தான் வாரம் ஒரு முறை. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும், அதனால்தான் தேய்ப்பது. வெறுமனே தண்ணீரைக் கொட்டியவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

காய்ச்சல் விடும் சமயத்தில்தான் டெங்குவில் ஆபத்து கூடும், கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது வேறு ஸ்பாட். இரண்டையும் ஒன்றில் திணித்தால் இரண்டுமே நிற்காது.

அளவு சொல்லும் ஸ்பாட்தான் இருப்பதிலேயே சிக்கலானது. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலம் கிடைத்தால் அதுதான் முதலில். கிடைக்காதபோது ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. இதைக் காதால் மட்டும் கேட்பவர் உப்பையும் சர்க்கரையையும் மாற்றிப் போட்டுவிட்டால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ஆகவே சர்க்கரைக்கு ஒரு வாக்கியம், உப்புக்குத் தனி வாக்கியம், பிறகு இரண்டையும் இன்னொரு முறை. "தலைதட்டிய" என்ற சொல்லை நேரம் போதவில்லை என்று வெட்டவே கூடாது. ஒலிபரப்பும் முன், ஸ்கிரிப்டைப் பார்த்திராத 5 பேருக்கு ஒரே ஒரு முறை போட்டுக்காட்டி, "இப்போது எப்படிக் கலக்குவீர்கள்?" என்று கேளுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒருவர் அளவை மாற்றிச் சொன்னாலும் ஸ்கிரிப்டை மாற்றுங்கள்.

பயமுறுத்தினால் மக்கள் கேட்பார்கள் என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்க எபோலா சாட்சி. 2014இல் "இதற்கு மருந்தே இல்லை" என்று தொடக்கத்தில் பரப்பினார்கள். மருந்தே இல்லையென்றால் மருத்துவமனைக்கு எதற்குப் போக வேண்டும்? நியாயமான கேள்விதான். நோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள், பார்த்தவர்களுக்கும் தொற்றியது. அந்த ஆண்டு செப்டம்பரில் கினியாவின் வோமே கிராமத்துக்கு விழிப்புணர்வுக்காகப் போன குழுவில் 8 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் வானொலிச் செய்தியாளர்களும் உண்டு. கொள்ளைநோய் வந்த பிறகு நம்பிக்கையைச் சம்பாதிக்கக் கிளம்பினால் காலம் கடந்திருக்கும். சாதாரண நாளிலேயே வாரம் ஒரு முறை அதே குரலில் மருத்துவ நிகழ்ச்சி நடத்தும் நிலையத்துக்குத்தான் அன்றைக்குக் காது கொடுப்பார்கள்.

வதந்தியை மறுக்கும்போது உண்மையில் தொடங்கி உண்மையில் முடியுங்கள், நடுவில் வதந்திக்கு ஒரே ஒரு வரி. நடுவில் ரேடியோவைப் போட்டவர் வதந்தியை மட்டும் கேட்டுவிட்டு நகரக்கூடும்.

பல நிலையங்கள் கோட்டைவிடுவது தொலைபேசியில். வரும் கேள்வியை நேரலையில் விடாமல் முதலில் நோட்டில் எழுதுங்கள்: தேதி, பகுதி, அவர் சொன்ன அதே வார்த்தைகள். மருத்துவரிடம் பதில் வாங்கி அன்றைக்கே குறித்த நேரத்தில் சொல்லுங்கள். ஒரே கேள்வி மூன்று பகுதியிலிருந்து வந்தால் மறுநாள் ஸ்பாட் அதுதான். ஒரே பகுதியிலிருந்து வயிற்றுப்போக்கு பற்றி அழைப்புகள் குவிந்தால், ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் சுகாதாரத் துறைக்குச் சொல்லிவிடுங்கள். நோயாளியின் பெயரோ தெருவோ காற்றில் போகவே கூடாது. போனால் அடுத்தவர் காய்ச்சலை மறைப்பார்.

ஒவ்வொரு ஸ்பாட்டின் கோப்புப் பெயரிலும் அதை ஒலிபரப்ப வேண்டிய கடைசித் தேதியைப் போடுங்கள். வெள்ளிக்கிழமையே முடிந்த தடுப்பூசி முகாமுக்கு அடுத்த வாரமும் ஆள் அனுப்பும் அபத்தம் அது இல்லாததால்தான் நடக்கிறது. உதவி எண்ணை ஒலிபரப்பும் முன் இரவு நேரத்திலும் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள், யாராவது எடுக்கிறார்களா என்று. வெள்ளத்துக்குப் பின்னால் காலரா வரும் நாட்களில் மின்சாரமும் இருக்காது. ஜெனரேட்டருக்கு எரிபொருளும், ஸ்டுடியோ இல்லாமலே டிரான்ஸ்மிட்டர் அறையிலிருந்து போடக்கூடிய பென்டிரைவ் ஒன்றும் மழைக்கு முன்பே தயாராக இருக்கட்டும்.