பேன் தாமதமா வரட்டும், காரணம் மட்டும் சொல்லுங்க

"சுவருக்குப் பின்னாடி நிக்கிறவன் மண்டையைக் குறி பாத்து அடிக்கிறான். ரிப்போர்ட் அடிச்சு ரெண்டு வாரமாச்சு, அந்த ஐடி இன்னும் ஜாலியா ஆடிக்கிட்டு இருக்கு. கம்பெனிக்காரன் தூங்குறானா?"

எந்த கேமிங் குரூப்புக்குள் நுழைந்தாலும் இந்தப் புலம்பல் கிடக்கும். பெரும்பாலும் அவன் தூங்கவில்லை. அந்த ஐடி மாட்டிய அன்றே லிஸ்ட்டில் ஏறியிருக்கும். பேனைத்தான், அதாவது அந்த ஐடியைத் தடை செய்வதைத்தான், வேண்டுமென்றே தள்ளிப்போடுகிறார்கள். அது சரி என்பதுதான் என் கட்சி.

ஹேக், அதாவது ஏமாற்றி ஆட உதவும் சாஃப்ட்வேர், விற்பவன் பக்கம் நின்று பாருங்கள். அவனுக்கு இது மாதச் சந்தா வியாபாரம். புது வெர்ஷன் தயாரானதும் ஒரு டம்மி ஐடியில் ஓட்டிப் பார்ப்பான். பத்து நிமிடத்தில் பேன் விழுந்தால், நேற்று மாற்றிய எந்த இடம் காட்டிக்கொடுத்தது என்று பிடித்துவிடுவான். மாலைக்குள் அடுத்த வெர்ஷன் கடைக்கு வந்துவிடும். அதே பேன் சில வாரம் கழித்து, ஒரே நாளில், ஆயிரக்கணக்கான ஐடிகளோடு சேர்ந்து விழுந்தால்? நடுவில் அவன் ஐந்தாறு அப்டேட் விட்டிருப்பான், எதில் மாட்டினோம் என்றே புரியாது. காசு கொடுத்தவர்களும் மொத்தமாக வந்து அவன் சட்டையைப் பிடிப்பார்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் கேமையும் ஸ்டீம் என்ற கேம் கடையையும் நடத்தும் வால்வ் கம்பெனியின் வேக், 2002-இல் வந்த ஆன்டி சீட் (ஹேக் பிடிக்கிற சாஃப்ட்வேர்), இப்படி ஆறப்போட்டு அடிப்பதற்கே பேர்போனது. நடுவில் அந்த ஐடியிடம் அடி வாங்கும் நமக்குத்தான் வயிற்றெரிச்சல். அதைத் தாங்கித்தான் ஆகவேண்டும்.

கண்டுபிடிக்கிற முறையும் ஒன்றல்ல. தெரிந்த ஹேக்கின் கைரேகை மெமரியில் தட்டுப்படுகிறதா, கேம் ஃபைலில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது பழைய வழி. 2020-இல் வேலரன்ட் கேமோடு வந்த வேன்கார்ட் என்ற ஆன்டி சீட், விண்டோஸ் ஆன் ஆகும்போதே அதன் அடிமடியான கர்னலில் போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு இது பிடிக்காது. கென்ஷின் இம்பாக்ட் கேமின் ஆன்டி சீட் டிரைவரையே 2022-இல் ஒரு ரான்சம்வேர் கும்பல் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பவர்கள்) ஆயுதமாக்கி, கம்ப்யூட்டரில் இருந்த ஆன்டிவைரஸை அணைத்தது. காவலுக்கு வைத்த ஆளிடம் பீரோ சாவியையும் கொடுத்த கதைதான். ஆனால் ஹேக் கர்னல் வரை இறங்கிவிட்ட பிறகு, காவலும் இறங்காமல் என்ன செய்யும் என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஆதாரம் கையில் கிடைத்தால் யாருக்கும் பேச்சே வராது. 2018 அக்டோபர், ஷாங்காயில் எக்ஸ்ட்ரீம்ஸ்லேண்ட் என்ற கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டி. ஆப்டிக் இந்தியா அணியில் ஃபர்சேக்கன் என்ற பெயரில் ஆடியவரின் கம்ப்யூட்டரை, மேட்ச் நடந்துகொண்டிருக்கும்போதே நடுவர் வந்து சோதித்தார். பையன் அவசர அவசரமாக எதையோ அழிக்கப் பார்த்தார். உள்ளே ஹேக் ஃபைல், பெயர் 'வேர்ட் டாட் இஎக்ஸ்இ'. மேடையில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆட வந்தவருக்கு எம்எஸ் வேர்ட் எதற்கு! அணியே போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டது, பிறகு கலைக்கப்பட்டது, அவருக்கு ஐந்தாண்டுத் தடை. ஒரு தப்பும் செய்யாத மற்ற நான்கு பேரின் வாய்ப்பும் அதோடு போனது. அந்தத் தடையை அநியாயம் என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள்.

நமக்கு வருவதோ ஒரு பாப்-அப். பப்ஜி மொபைலில் 10 வருட பேன் என்று வரும். (கேம் வந்ததே 2018-இல். 2020 செப்டம்பரில் இந்திய அரசு அந்த கேமையே பேன் செய்தது தனிக்கதை.) எந்த மேட்ச், எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று விவரம் இருக்காது. வேக் பேனோ காலத்துக்கும் நிற்கும், ப்ரொஃபைலிலேயே ஊரறிய எழுதி ஒட்டிவிடுவார்கள். சப்போர்ட்டில் கேட்டால், வேக் பேனை நீக்க முடியாது என்பதுதான் பதில்.

'நான் ஒண்ணுமே பண்ணல' என்று வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் புளுகுகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பேர் இருக்கிறார்களே. 2010 ஜூலையில் மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடிய சுமார் 12,000 பேர் இரண்டு வார காலத்தில் தவறுதலாக பேன் ஆனார்கள். ஸ்டீம் அப்டேட் ஆகும் நேரத்தில் டிஸ்க்கில் இருந்த ஃபைலும் மெமரியில் இருந்ததும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான் விஷயம். வால்வின் தலைவர் கேப் நியூவெல் மன்னிப்புக் கேட்டு, பேனை நீக்கி, ஆளுக்கு ஒரு லெஃப்ட் 4 டெட் 2 கேம் கொடுத்தார். 2023 அக்டோபரில் இன்னொன்று. ஏஎம்டி டிரைவரில் ஆன்டி-லேக் ப்ளஸ் என்ற வசதியை ஆன் செய்தவர்கள் கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இல் பேன் ஆனார்கள். கிராஃபிக்ஸ் கார்டு கம்பெனியே கொடுத்த பட்டன் அது! கேமின் ஃபைலுக்குள் அது கைவைத்ததால் ஹேக் என்று பதிவாகிவிட்டது. ஏஎம்டி அந்த டிரைவரை வாபஸ் வாங்கியது, வால்வ் பேன்களை நீக்கியது.

இரண்டிலும் நியாயம் கிடைத்தது எதனால்? கூட்டமாக அடிபட்டார்கள், சத்தம் பெரிதாக இருந்தது. யாரிடமும் இல்லாத ஏதோ ஒரு டிரைவரை வைத்துக்கொண்டு தேனியிலோ திருவாரூரிலோ தனியாக ஒருவன் மாட்டினால், அவனுக்காக எவன் கத்துவான்? ஃப்ரெண்ட்ஸே 'டேய், உண்மையச் சொல்லு' என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்கவில்லை, அந்த ரகசியம் அவர்களிடமே இருக்கட்டும். எந்தத் தேதி, எந்த மேட்ச், ஃபைலிலா ஆட்டத்திலா என்று ஒரு வரி. அப்பீல் போட்டால் மனுஷன் ஒருவர் ஒரு தடவை பார்ப்பது. 2013-லேயே கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ஓவர்வாட்ச் என்று ஒரு ஏற்பாடு வைத்து, பெயரை மறைத்த ரெக்கார்டிங்கை அனுபவமுள்ள ஆட்டக்காரர்களிடமே காட்டித் தீர்ப்பு கேட்டார்கள். தண்டனை கொடுக்க அந்த ஏற்பாடு உதவியது என்றால், அப்பீல் கேட்கவும் உதவும். பேன் பல வாரம் கழித்து வருவதால், இந்த ஒரு வரியை வைத்து ஹேக் விற்பவன் பெரிதாக ஒன்றும் கிழித்துவிட முடியாது.

'ஹேக்கருக்கு சப்போர்ட்டா' என்று கமெண்டில் கிளம்பும் முன்னால் ஒன்று. ஸ்டீமில் ஃபேமிலி ஷேரிங் போட்டு வைத்திருக்கிறீர்களா? உங்கள் கேமை எடுத்து ஆடும் சித்தப்பா பையன் ஹேக் போட்டு மாட்டினால், பேன் உங்களுக்கும் சேர்த்துத்தான். செட்டிங்ஸில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள், சண்டை போடலாம்.