தானாக விழுந்தவர்

நேற்று மாலை எங்கள் தெருமுனையில் ஒரு பையன் பைக்கோடு விழுந்து கிடந்தான். பத்தடி பின்னால் ஒரு கார் நின்றிருந்தது. பால் வாங்கப் போன நான் கூட்டத்தை விலக்கிப் பார்ப்பதற்குள் தீர்ப்பு வாசித்து முடித்திருந்தார்கள். "வேகமாக வந்திருப்பான்." "போன் பேசிக்கொண்டே வந்திருப்பான்." எல்லாமே "வந்திருப்பான்"தான். "வந்தான்" என்று சொல்ல ஒருவரும் இல்லை, ஏனென்றால் ஒருவரும் பார்க்கவில்லை.

இந்த "இருப்பான்" எங்கள் வீட்டில் என்ன பாடுபடுத்தியது என்பதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பதிவு நீளம்தான். வீட்டில் பைக் இருப்பவர்கள் மட்டுமாவது படியுங்கள்.

என் தம்பி எலெக்ட்ரீசியன். 2023இல் அவனுக்கு 29 வயது. நான்கு வழிச்சாலையில் நேராக வந்துகொண்டிருந்தவனை, எதிர்த்திசையில் வந்த லோடு வேன் மீடியன் இடைவெளியில் இண்டிகேட்டர் போடாமல் திரும்பி மறித்தது. வேனின் இடப்பக்கத்தில் போய் மோதினான். ஹெல்மெட்டைப் பட்டை மாட்டிப் போட்டிருந்ததால் தலை தப்பியது. வலது முழங்கால் நொறுங்கிவிட்டது.

அவனை அள்ளிக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்த்தது அதே வேனின் கிளீனர். அதற்கு இன்றைக்கும் அவரைக் கும்பிடுகிறோம். ஆனால் தம்பி நினைவில்லாமல் கிடந்தபோது "எப்படி நடந்தது?" என்று மருத்துவர் கேட்டதற்குப் பதில் சொன்னதும் அவர்தான். விபத்துப் பதிவேட்டில், ஏ.ஆர். என்பார்களே, அதில் ஒரு வரி ஏறிவிட்டது: பைக்கில் வரும்போது தானாகச் சறுக்கி விழுந்ததாகக் கூறப்படுகிறது.

காலைக் காப்பாற்ற முடியுமா என்று வராந்தாவில் நிற்பவர்களுக்குப் பதிவேடு எங்கே நினைவுக்கு வரும்? மூன்றாம் நாள் வேன் உரிமையாளர் ஆப்பிள் பையோடு வந்தார். "தங்கச்சி, கேஸ் என்று போனால் பத்து வருடம் இழுப்பார்கள். டிரைவர் பிள்ளைகுட்டிக்காரன். இருபதாயிரம் தருகிறேன், சமாதானமாகப் போய்விடலாம்" என்றார். தாளில் எழுதியே கொண்டுவந்திருந்தார், கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. அம்மா என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் அந்த டிரைவரை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது.

இந்த இரக்கத்தில்தான் பல குடும்பங்கள் கையெழுத்துப் போடுகின்றன. நஷ்டஈடு டிரைவரின் சட்டைப் பையிலிருந்து வருவதில்லை. மோதிய வண்டிக்கு இருக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் அந்தக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருப்பதே இதற்காகத்தான். டிரைவரின் உரிமத்தில் கோளாறு இருந்தாலும், காப்பீட்டு நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று, விபத்து நஷ்டஈட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் உத்தரவிட முடியும். எங்கள் வேன் டிரைவரின் உரிமம் காலாவதியாகி இருந்தது. ஆப்பிள் வந்த காரணம் எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது.

இருபதாயிரம் என்ற தொகையைச் சட்டத்தின் கணக்கோடு வைத்துப் பாருங்கள். தம்பியின் மாத வருமானம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். சுயதொழில் செய்பவர், நாற்பது வயதுக்குக் கீழே என்றால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்பது 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக 21,000. ஆண்டுக்கு 2,52,000. இதை வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள், பெருக்கெண் என்று பெயர். 26 முதல் 30 வயதுக்கு அது 17. 2009இல் வந்த சரளா வர்மா வழக்குத் தீர்ப்பின் அட்டவணையில் இருக்கிறது. அவன் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போய்விட்டது என்று தீர்ப்பாயம் ஏற்றால் வருமான இழப்பு மட்டும் 12,85,200 ரூபாய். மருத்துவச் செலவும் வலிக்கும் வேதனைக்குமான தொகையும் தனி.

அந்த 30 சதவீதத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மருத்துவக் குழு தருவது காலின் ஊனம் எவ்வளவு என்ற எண். தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது பிழைப்பில் எவ்வளவு போனது என்பதை. மடங்காத முழங்காலோடு கணக்காளர் நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம், எலெக்ட்ரீசியன் ஏணி ஏற முடியுமா? 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விளக்கமாகவே எழுதியிருக்கிறது. தம்பி என்ன வேலை செய்தான் என்பதற்கு பில் புத்தகமும் இரண்டு கட்டட மேஸ்திரிகளின் சாட்சியமும்தான் எங்களிடம் இருந்தன.

அந்தச் சமாதானத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. ஐந்தாம் மாதம் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்டு மனு போட்டோம். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற வரம்பு 2022 ஏப்ரலில் இருந்து வந்திருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள், ஆனால் அதை நம்பிக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம். விபத்து நடந்த ஊருக்குத்தான் அலைய வேண்டும் என்றும் இல்லை; குடியிருக்கும் ஊரிலேயே போடலாம்.

குறுக்கு விசாரணையில் எதிர்பார்த்தபடியே காப்பீட்டு நிறுவனத்தார் பதிவேட்டின் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "தானாக விழுந்தவருக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?" எங்களைக் காப்பாற்றியது மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை. வேனின் இடப்பக்கத் தகட்டில் பள்ளம், பைக்கின் கிராஷ் கார்டில் வேனின் நீலப் பெயின்ட். தானாகச் சறுக்கியவனுக்கு நீலப் பெயின்ட் எங்கிருந்து வந்தது? மருத்துவரும் சாட்சிக் கூண்டில், தகவல் சொன்னது அழைத்து வந்தவர்தான் என்று ஒப்புக்கொண்டார். தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது.

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனங்களில் போனவர்கள். அத்தனை பேரும் வேகமாகத்தான் வந்திருப்பார்களா? டிப்பர் லாரி சிந்திய மணல், வெள்ளைக்கோடு அடிக்காத வேகத்தடை, எதிரே கண்ணைக் கூசவைக்கும் ஹைபீம் என எத்தனையோ இருக்கின்றன. நான்கு சக்கரக்காரருக்கு உலுக்கலோடு போவது, இரண்டு சக்கரக்காரருக்கு எலும்பு முறிவாகிறது.

நம் ஆட்களும் யோக்கியர்கள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போய், போலீஸைக் கண்டதும் தலைக்கு மாற்றும் கூட்டம்தானே நாம். ஆனால் சட்டத்தை மீறியதும் விபத்துக்குக் காரணமானதும் ஒன்றல்ல. பைக்கில் மூன்று பேர் போன ஒரே காரணத்துக்காக நஷ்டஈட்டைக் குறைக்க முடியாது, அது விபத்துக்குக் காரணமாக இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2020இல் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உரிமம் இல்லாமல் ஓட்டியது மட்டுமே கவனக்குறைவு ஆகாது என்று 2008இலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. அபராதம் போடுங்கள், கட்டுகிறோம். அதை வைத்து உடைந்த காலுக்கான காசில் கழிக்காதீர்கள்.

உண்மையிலேயே தானாக விழுந்தவர்களின் கதை வேறு. அங்கே உங்கள் பாலிசிதான் கதி. 2018 செப்டம்பர் முதல் வாங்கிய புது பைக்குகளுக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்தே வந்தது. ஐந்து வருடம் முடிந்ததைப் பலர் கவனிக்கவே இல்லை. உரிமையாளரே ஓட்டும்போது உதவும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு உயிரிழப்புக்கும் நிரந்தரப் பெரும் ஊனத்துக்கும்தான். சாதாரண எலும்பு முறிவுக்கு ஒரு ரூபாய் வராது. வெறும் மூன்றாம் நபர் பாலிசியில் உங்கள் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கும் பாதுகாப்பு இல்லை. இன்று இரவே பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

நேற்றைய பையனுக்கு வருகிறேன். "போலீஸ் கேஸ், தொடாதீர்கள்" என்று ஒரு பெரியவர் தடுத்தார். உதவுகிறவரைப் பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், அவர் மேல் வழக்குப் போட முடியாது என்றும் சட்டத்தில் 134ஏ பிரிவு இருக்கிறது. நடுத்தெருவில் அதை விளக்க நேரமில்லை. 108 வந்தது, நானும் ஏறிக்கொண்டேன். ஏறுவதற்கு முன் இரண்டு வண்டிகளையும் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

அவசரப் பிரிவில் இளம் மருத்துவர் பேனாவோடு நிமிர்ந்தார். "எப்படிம்மா விழுந்தார்?"

"விழுந்ததை நான் பார்க்கவில்லை டாக்டர். பைக்கின் பின்விளக்கு நொறுங்கியிருக்கிறது, காரின் முன் பம்பர் உடைந்திருக்கிறது. கார் எண் இது."

அவர் போனை வாங்கிப் பார்த்தார். பிறகு, நான் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்கு மெதுவாக, அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதினார்.