கோட்டும் சிவந்த உதடும்

போன கிழமை தங்கச்சியின் மகன், எங்கள் மாமாவின் கறுப்பு வெள்ளைப் படத்தை ஏதோ ஒரு செயலியில் போட்டு வர்ணம் ஏற்றி குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். அம்மா பார்த்துவிட்டு, "இவன் ஆர்? என்ர தம்பி உதட்டுக்குப் பூசிறவனோ?" என்று போனைத் திருப்பித் தந்துவிட்டா.

எனக்கு அந்தச் சிவந்த உதட்டைக் கண்டதும் எலிசபெத் பெய்ட்டன்தான் ஞாபகம் வந்தார். 1965இல் பிறந்த அமெரிக்க ஓவியர். 1994இல் 27 வயதில் இறந்துபோன பாடகர் கர்ட் கோபேனை, நேரில் கண்டதே இல்லாமல், பத்திரிகைப் படங்களைப் பார்த்து வரைந்தவர். வெளிறிய முகம், செக்கச்செவேலென்று உதடு, பல படங்கள் கொப்பி அளவுக்குத்தான் இருக்கும். 1993இல் நியூயோர்க்கின் செல்சி ஹோட்டலில் 828ஆம் அறையில் நெப்போலியன், பவேரியா மன்னர் இரண்டாம் லுட்விக் என்று செத்துப்போன ஆட்களை வரைந்து மாட்டியிருந்தார். பார்க்க வருகிறவர் கீழே சாவி வாங்கிக்கொண்டு தானே கதவைத் திறந்து போக வேண்டும். எனக்குப் பிடித்தது அந்தச் சாவிதான், அது வேறு கதை.

வடிவான பெடியன்களை இன்னும் வடிவாக்குகிற ரசிகை வேலை என்று அவரைப் பற்றி ஒரு குறை உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மாமா 21 வயதில் போனவர். 1995 ஒக்ரோபர் 30 யாழ்ப்பாண இடம்பெயர்வில் அல்பம், அந்தியேட்டிச் சடங்குக்கு அடித்த கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் எல்லாம் வீட்டோடு போக, மிஞ்சியது அம்மம்மாவின் பையில் இருந்த, 16 வயதில் அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம் ஒன்றுதான். திரும்பி வந்து அதைப் பெருப்பிக்கக் கொடுத்தபோது ஸ்ரூடியோக்காரர் கோட்டும் ரையும் போட்டுவிட்டார். மாமா கோட் போட்டதே இல்லை. ஆனால் அந்தப் பொய்யை அம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை, ஏனென்றால் தம்பி அப்படி ஒரு கோட் போடுகிற நாள் வரும் என்று அவ நினைத்துக்கொண்டிருந்தவ. செயலி போட்ட உதட்டை யாரும் ஆசைப்படவில்லை. பெய்ட்டனின் உதடு அப்படியில்லை, ஒருத்தி இருந்து பார்த்து ஆசைப்பட்டுப் பூசின சிவப்பு அது. இப்போது அதை ரசிகை வேலை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. கோபேனுக்கு எத்தனையோ படங்கள் இருந்தன, பெய்ட்டன் தெரிந்தெடுக்கலாம், எங்களுக்கு ஒன்றே ஒன்று என்ற எரிச்சல் மட்டும் போகவில்லை.

எனக்கு இப்போது 44. சுவரில் இருக்கிற மாமாவுக்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லை.

மகனுக்கு இந்த வருடம் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வேண்டும். ரெண்டு பிரதி கூட எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறா அம்மா.