ஒன்றரை மடங்கு வேகத்தில் அழ முடியுமா, தம்பி?

முந்தாநாள் நான் போட்ட மூன்று வரியையும் அதற்குக் கீழே ஒரு தம்பி போட்ட ஒரு வரியையும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். ‘மெய்யழகன்’ மூன்றாவது தடவை பார்த்தேன், கொலுசு இடத்தில் மறுபடியும் கண் கலங்கிவிட்டது என்று எழுதியிருந்தேன். அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்: “அங்கிள், 1.5 ஸ்பீடுல பாருங்க, படம் சூப்பரா இருக்கும்.” என் பதிவுக்கு 31 லைக். அவருடைய வரிக்கு 200 சிரிப்பு. சிரித்தவர்களில் என் சொந்த மச்சினனும் உண்டு. குறித்து வைத்திருக்கிறேன், பொங்கலுக்கு வருவான் இல்லையா.

‘அங்கிள்’ என்றதில் எனக்கு வருத்தமே இல்லை. 54 வயதுக்காரனை வேறு எப்படிக் கூப்பிடுவது? (இந்த வாக்கியத்தை எழுத இரண்டு நாள் ஆனது.) என் சண்டை அந்த ஒன்றரையோடு மட்டும்தான்.

கொலுசு இடம் என்றது இதைத்தான்: 22 வருடம் கழித்து ஊர்ப்பக்கம் வருகிறவன், தங்கை முறைப் பெண்ணுக்குக் கல்யாணப் பரிசு கொண்டுவருகிறான். அவள் மேடையிலேயே பிரித்து நகைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்கிறாள். பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். காட்சியே அந்தத் தாமதம்தான். அதை ஓட்டிப் பார்த்தால் மிஞ்சுவது நகைக்கடை விளம்பரம்.

நான் மன்னார்குடிக்காரன். படத்தில் கல்யாணம் நடக்கிற நீடாமங்கலத்தைத் தாண்டாமல் நாங்கள் கும்பகோணம் போனதில்லை. அந்த ரயில்வே கேட் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: கேட் போட்டால் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி டீக்கடைக்குப் போய்விடுவார். அதுதான் எங்களுக்கு அறிவிப்பு. என் சித்தப்பா கல்யாணத்துக்குப் போனபோது மாப்பிள்ளை கார் கேட்டுக்கு அந்தப் பக்கம், தாலி வைத்திருந்த என் பாட்டி வந்த வேன் இந்தப் பக்கம். பாட்டி பதறவில்லை. வெள்ளரிப்பிஞ்சு வாங்கி மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றுகொண்டே, பக்கத்து பஸ் ஜன்னலில் இருந்த அம்மாளோடு பேசி, கேட் திறப்பதற்குள் சொந்தம் கண்டுபிடித்துவிட்டார். அந்தம்மாளும் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். இப்படி வளர்ந்தவனிடம் வந்து படம் ‘லேக்’, இழுவை என்றால் என்ன செய்வது?

சரி, படம் நீளமே இல்லையா என்று கேட்பீர்கள். நீளம்தான். 2024 செப்டம்பர் 27ஆம் தேதி முதல் நாளே பார்த்தவன் நான். 177 நிமிடம். இரண்டாம் பாதியில் அரவிந்த்சாமியும் கார்த்தியும் ராத்திரி முழுக்க ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசும்போது நானே ஒருமுறை வாட்சைப் பார்த்தேன். ஒருமுறைதான். அடுத்த சில நாளில் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்கள். பொறுமை இல்லாதவர்கள் கத்தினார்கள், பொறுமையாக இருந்த எங்கள் 18 நிமிடம் போயிற்று. நாங்கள் கத்தவில்லை. அதுதான் தப்போ என்னவோ.

அடுத்தது வரும், எனக்குத் தெரியும்: “நீங்க மட்டும் அந்தக் காலத்துல பாட்டு வந்தா தம் அடிக்க வெளியே போகலையா?” போனேன். ஆனால் தம் அடிக்க இல்லை, முட்டை போண்டாவுக்கு. அது வேறு, இது வேறு. எப்படி வேறு என்று இங்கே விளக்க இடமில்லை.

“எங்களுக்கு நேரமில்லை” என்கிறவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளியை நானும் பார்க்கிறேன்.

2019இல் நெட்ஃப்ளிக்ஸ் இந்த வேகப் பொத்தானைச் சோதித்துப் பார்த்தபோது ஹாலிவுட் இயக்குநர்கள் சிலர் சண்டைக்கே போனார்கள். எங்கள் படத்தில் கை வைக்காதே என்றார்கள். 2020இல் பொத்தான் வந்தேவிட்டது. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் 31 லைக்காரன் என்ன கிழிக்க முடியும்?

அப்புறம் ஒன்று. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

என் மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். எனக்குத் தட்டச்சு வராது (இந்தப் பதிவு ஒரு மாலை முழுக்க ஆகிறது), அதனால் அவளுக்கு வாட்ஸ்அப்பில் பேசித்தான் அனுப்புவேன். போன தீபாவளிக்கு வந்திருந்தாள். நான் கடையிலிருந்து ஒன்று அனுப்பிவிட்டு வீட்டுக்குள் நுழைகிறேன், அடுப்படியிலிருந்து என் குரல் கேட்கிறது. தேர்தல் முடிவு வாசிக்கிற மாதிரி. “நல்லெண்ணெய்வாங்கிட்டேன்சீயக்காய்இல்லயாம்அம்மாவக்கேளு.” நான் நடுவில் யோசிப்பேன், இருமுவேன், கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுவேன். ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு மளிகைப் பட்டியல் மட்டும் ஓடுகிறது. 2021இலிருந்தே வாட்ஸ்அப்பில் வேகம் கூட்டிக் கேட்கிற வசதி இருக்கிறதாம். அதாவது இத்தனை வருடமாக.

“எல்லாருக்கும் அப்படித்தான்பா கேட்பேன், உங்களுக்கு மட்டும் இல்ல” என்றாள். ஆறுதல்தான்.

அந்தத் தம்பி என்ன சொல்வார் என்று தெரியும், அங்கிள், ஒரு சினிமாப் பதிவுக்குப் போய் ஏன் இவ்வளவு சீரியஸ் ஆகுறீங்க என்பார். நான் சீரியஸ் ஆகவில்லை. கொலுசு இடத்தில் நிதானம் வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறேன். ஒன்றரை மடங்கில் அது கொலுசு இல்லை.

இன்று காலை மகளுக்கு ஒன்று அனுப்பினேன். நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடி. நார்த்தங்காய் ஊறப் போட்டிருப்பது, எதிர்வீட்டு நாய் குட்டி போட்டது, அம்மாவின் முழங்கால். நடுவில், மூன்றாவது நிமிடம் வாக்கில், பொங்கலுக்கு வருகிறாயா என்று கேட்டிருந்தேன். மைக் நீலமாயிற்று, கேட்க ஆரம்பித்துவிட்டாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், இரண்டு நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

“சரிப்பா.”