பரிசல் நகர்ந்ததும் சிவப்பாகும் பேட்டரி

சட்டைப் பையில் அடங்கும் கேமரா என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அடங்குகிறது, சரி. பேட்டரியும் அதற்கேற்ற சைஸில்தானே இருக்கும்! இந்த ரகத்தில் பலவற்றில் இருப்பது 1000 எம்.ஏ.எச். (பேட்டரி எவ்வளவு சார்ஜ் தாங்கும் என்பதற்கான அளவு) சுமாருக்கு ஒரு துண்டு. இன்று சாதாரண போனிலேயே 5000 இருக்கிறது.

அதிலும் வீடியோ நேரம் என்று போடும் கணக்கு இருக்கிறதே, அது தனிக் கூத்து. 'தொடர் பதிவு' என்று பெரிதாக ஒரு எண். பட்டனை ஒருமுறை அமுக்கிவிட்டு கேமராவைத் தொடாமல் வைத்திருந்தால் கிடைக்கும் நேரம் அது. ஒகேனக்கல்லில் யார் அப்படி எடுப்பார்கள்? ஐந்தருவி தெரிந்ததும் ஆன், பரிசல்காரர் சுற்றிவிட்டுத் தண்ணீர் தெறித்ததும் ஆஃப், மறுபடி ஆன், ஜூம், மறுபடி ஆஃப். லென்ஸ் ஒவ்வொரு முறை நீண்டு சுருங்குவதற்கும் பேட்டரிதான் தண்டம் அழ வேண்டும். போதாததற்கு 4கே என்னும் மிகத் துல்லியமான வீடியோ, ஆட்டம் குறைக்கும் வசதி, வெயிலில் கண் தெரிய வேண்டுமென்று முழு வெளிச்சத்தில் திரை. உடம்பே சுடுகிறது கேமராவுக்கு.

கரையேறினால் சார்ஜ் போட இடம் தேட வேண்டும். மீன் வறுக்கும் அக்கா, "ரெண்டு பீஸ் வாங்குனா பிளக்கு ஃப்ரீ தம்பி" என்கிறார். வாங்கினேன். ஆனால் தனி சார்ஜரே தராமல், கேமராவுக்குள் வைத்துத்தான் ஏற்ற வேண்டும் என்று செய்திருக்கிறார்களே, அதுவரை அருவியை எதை வைத்து எடுப்பது? உபரி பேட்டரி வாங்கலாம்தான். ஒரிஜினல் விலையைக் கேட்டால், தர்மபுரிக்குக் குடும்பத்தோடு கார் வைத்தே திரும்பிவிடலாம் போல.