நான்கு-பத்து துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாமா? உண்மை விளக்கம்

“சிறுவிட்டமுள்ள நான்கு-பத்து தானியங்கித் துப்பாக்கி ஏர்கன் (காற்றழுத்தத் துப்பாக்கி) போன்றதே, பன்றி விரட்ட உரிமம் தேவையில்லை” என்று பண்ருட்டி, விருத்தாசலம் வட்டார விவசாயிகளிடையே வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி பொய்யானது.

நான்கு-பத்து என்பது ஒரே தோட்டாவில் பல ஈயக்குண்டுகளைச் சுடும் துப்பாக்கி. இதன் குழல் விட்டம் .410 அங்குலம், அதாவது ஏறத்தாழ 10.4 மில்லிமீட்டர், இதே வகையில் பெரிதான பன்னிரண்டு கேஜ் துப்பாக்கியில் 18.5 மில்லிமீட்டர். தோட்டாவில் ஈயக்குண்டுகள் பாதியளவே இருப்பதாலும், எடையும் பின்னுதைப்பும் குறைவு என்பதாலும், வெளிநாடுகளில் பயிற்சிக்கும் ஸ்கீட் (பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும்) போட்டிக்கும் முயல் வேட்டைக்கும் இதை விரும்புகிறார்கள். ஆனால் குண்டுகள் பாயும் வேகம் பெரிய துப்பாக்கிக்கு ஏறக்குறைய நிகரானது. வெடிமருந்தால் இயங்கும் இதன் ஆற்றல் சுமார் 900 ஜூல், உரிமம் தேவைப்படாத ஏர்கனுக்கோ 20 ஜூல்தான் வரம்பு. விசையை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்வதால், பதற்றத்தில் இரண்டாவது குண்டு பாய்ந்துவிடும் அபாயமும் உண்டு. கைக்கு அடக்கமானது என்பதால் அது பாதுகாப்பானதாகிவிடாது.

1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, விட்டம் எதுவானாலும், துப்பாக்கி வைத்திருக்க உரிமத்தைக் கட்டாயமாக்குகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கென 13 ஆம் பிரிவு முதன்மையாகக் குறிப்பிடுவது, குழலின் வாய்வழியாக வெடிமருந்தை இட்டுச் சுடும் துப்பாக்கியை, அதற்கும் உரிமம் வேண்டும். உரிமமின்றி வைத்திருந்தால், 2019 திருத்தத்தின்படி, இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. சேதத்தால் வாடும் விவசாயியை இந்தப் பொய் சிறைக்கே அனுப்பக்கூடும் என்பதால், இத்துப்பாக்கியை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்பவரை நம்பாமல் வனத்துறையிடமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் முறையிடுங்கள்.