அறை வெப்பநிலை என்றால் எந்த அறை?
சிவப்பு வைனை அறை வெப்பநிலையில்தான் பரிமாற வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது பழைய ஐரோப்பிய வீடுகளை வைத்துச் சொன்ன பேச்சு; அங்கே அறை என்றால் 16, 18 டிகிரிதான். எங்கள் சுவைக் குழுவில் போன மாதம் ஒரே பாட்டிலை இரண்டாகப் பிரித்தோம். பாதியை மேசையிலேயே விட்டோம், 27 டிகிரி இருக்கும். மீதியை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தோம். கிளாஸில் எண் மட்டும்தான் ஒட்டியிருந்தது. எட்டுப் பேரில் ஆறு பேர் இரண்டும் வேறு வேறு வைன் என்றே எழுதிக்கொடுத்தார்கள்! சூடானதில் மூக்கைக் கிட்டே கொண்டுபோனதுமே ஆல்கஹால் நெடி முகத்தில் அடித்தது. குளிர்ந்ததில் செர்ரி வாசனை, அப்புறம் லேசாக மிளகு. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர், அப்படியானால் எல்லாவற்றையும் நன்றாகவே குளிர வைக்கலாமே என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். ரொம்பக் குளிர்ந்தால் வாசனை அடங்கி, துவர்ப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும். சிவப்பு வைனில், கமே திராட்சையில் செய்தது போன்ற மெல்லிய வகைக்கு 12 முதல் 14 டிகிரி, கபர்னே சாவிஞான் திராட்சையில் செய்தது போன்ற திடமானதற்கு 16 முதல் 18 சரியாக இருக்கும். வெள்ளை வைனிலும் இந்தத் தப்பு நடக்கிறது. ஓக் மரப் பீப்பாயில் வைத்த ஷார்டனே என்ற வெள்ளை வைனைச் சில்லென்று ஊற்றித் தந்தால், கிளாஸை ஐந்து நிமிடம் உள்ளங்கைகளில் பொத்தி வைத்துப் பாருங்கள், வெண்ணெய் வாசனை மெல்ல எழும்பி வரும்.